மூன்றாவது ஓட்டு

டேட்டாபேஸ் அக்காவின் போனுக்கு லீவு என்பதே கிடையாது. குளிக்கப் போனால் அது பிளாஸ்டிக் உறைக்குள் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். தூங்கினால் தலையணைக்கு அடியில் இருக்கும். தம்பியின் கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் அக்கா மட்டும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “எங்க கல்யாணத்துக்கு அண்ணியோட உச்சந்தலை மட்டும்தான் வந்துச்சு” என்று தம்பி மனைவி இன்றுவரை கேலி செய்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டேட்டாபேஸைக் கட்டிக் காப்பது அக்காவின் வேலை. யாருக்கு என்ன ரத்த வகை, எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது, காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு என்ன, எந்தப் படுக்கை காலி, எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அது நின்றால் அத்தனை டாக்டர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அது நிற்கும்போதெல்லாம் அடிப்பது அக்காவின் போன். வாசல் காவல்காரர் முதல் மூத்த டாக்டர் வரைக்கும் அந்த ஒரு எண் மனப்பாடம்.

அக்கா இந்த வேலைக்கென்று படித்து வந்தவள் இல்லை. பதிவுக் கவுன்ட்டரில் பெயரும் வயதும் தட்டுகிறவளாகத்தான் சேர்ந்தாள். அப்போது ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு சர்வர். ஒரு நாள் பகலில், கூட்டம் அலைமோதும் நேரத்தில், அது மூச்சை நிறுத்திக்கொண்டது. காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போடும் குழந்தையோடு ஒரு தகப்பன் கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கிறான். குழந்தைக்கு எந்த மருந்து ஆகாது என்று உள்ளேயிருந்து டாக்டர் கத்துகிறார். அக்காவின் திரையோ வெள்ளை வெளேரென்று இருக்கிறது. “கொஞ்சம் இருங்க, சிஸ்டம் வேலை செய்யல” என்றாள். அந்தத் தகப்பன் பார்த்த பார்வை இருக்கிறதே! குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வாக்கியத்தை இனி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அக்கா அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள். மாலை வகுப்பில் சேர்ந்து படித்தாள், கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள், அங்கே போய் இரண்டாவது சர்வர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கொடுத்தால்தான் இவள் தொல்லை ஓயும் என்று கொடுத்தார்கள்.

பழைய கட்டடத்தில் ஒன்று, புதுக் கட்டடத்தில் ஒன்று என இரண்டு சர்வர்கள் வந்தன. இரண்டையும் சேர்த்துக் கட்டி மேய்ப்பதற்குக் கிளஸ்டர் என்றொரு மென்பொருளும் வந்தது. அக்காவும் நிம்மதியாக இருந்தாள், தம்பிக்கு உடம்பு கெடும்வரை.

தம்பி பஸ் ஓட்டுநர். வாய் கொழுத்தவன், ஆனால் தங்கமான மனசு. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய், அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள வரத் தொடங்கினான். ஸ்டியரிங் பிடித்த கையில் ஊசியைக் குத்திக்கொண்டு மணிக்கணக்காகக் கிடப்பான். அக்கா சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். பேச்சுக்குப் பேச்சு வேண்டுமே என்று ஒரு நாள், “உன் மிஷின் அப்படி என்னதான் பண்ணுது?” என்று கேட்டான்.

“ஒரு பஸ்ல ரெண்டு டிரைவர்னு வச்சுக்கோ” என்றாள் அக்கா. “ஒருத்தர் ஓட்டுவாரு. இன்னொருத்தர் பக்கத்துலயே எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு ரெடியா இருப்பாரு. ‘இருக்கியா, இருக்கியா’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. பதில் வரலைன்னா டக்குனு ஸ்டியரிங்கப் புடிச்சிருவாரு. பயணிக்கு டிரைவர் மாறினதே தெரியாது.”

தம்பி தொழில்காரன் இல்லையா, உடனே ஓட்டையைப் பிடித்துவிட்டான். “ஏன்க்கா, அந்த ஆளு நல்லாத்தான் ஓட்டுறாரு, சத்தத்துல இவன் கேட்டது காதுல விழல. இவன் பாட்டுக்குப் பாய்ஞ்சு புடிச்சா? ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திருப்பினா பஸ் பள்ளத்துலதான்!”

“அடப்பாவி, இதை எங்க சாருக்குப் புரிய வைக்க எனக்கு எத்தனை நாள் ஆச்சு தெரியுமா?” என்று அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அதுக்குத்தான் மூணாவதா ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அது ஓட்டாது, எதையும் சேமிச்சு வைக்காது. ஓட்டு மட்டும் போடும். மூணுல ரெண்டு ஓட்டு யாருக்கு இருக்கோ அவங்கதான் ஓட்டணும். ஒத்த ஓட்டோட தனியா நிக்கிறவன் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும். மீறித் தொடக் கூடாது.”

“நம்ம வீட்டுல அந்த மூணாவது ஓட்டு உன் தம்பி பொண்டாட்டிதான்” என்றான் அவன்.

சில வாரம் கழித்து டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக் குழாய் அவன் கையில் அடைத்துக்கொண்டது. இன்னொரு கையில் வழி செய்தார்கள், அதுவும் தகராறு செய்தது. இனித் தள்ளிப்போட முடியாது, சிறுநீரகம் மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பரிசோதித்ததில் அக்காவுடையது கச்சிதமாகப் பொருந்தியது. யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லி வாயை மூடுவதற்குள், “எந்தத் தேதி?” என்று கேட்டாள் அக்கா.

“உனக்கு இது பழக்கம்தானே” என்றான் தம்பி. “வீட்டுச் சாவி ரெண்டு, கண்ணாடி ரெண்டு, குடை ரெண்டு. எதுலயும் ஸ்பேர் இல்லாம இருக்க மாட்டே.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினான்.

தேதி குறித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. பக்கத்துப் பக்கத்து அறையில் அவளும் தம்பியும் வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருப்பார்கள். இரண்டு அறையிலும் மயக்க மருந்து டாக்டர்கள் பார்க்கப்போவது அவள் டேட்டாபேஸ் காட்டும் திரையைத்தான். அந்த நேரம் பார்த்து அது நின்றால், எல்லோரும் அடிக்கும் அந்த எண்ணின் சொந்தக்காரி வாயில் குழாயோடு கிடப்பாள். எல்லாவற்றுக்கும் ஸ்பேர் வைத்தவள் தனக்கு ஒரு ஸ்பேர் வைக்கவில்லை.

கிளஸ்டர் இருக்கிறதே, தானாக மாறிக்கொள்ளாதா என்று கேட்கலாம். மாறிக்கொள்ளும் என்றுதான் காகிதத்தில் இருந்தது. நிஜமாக ஒரு சர்வரை நிறுத்திப் பார்த்து யாரும் சோதித்ததில்லை. காரணம், பிரிவின் தலைவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ‘நாளைக்கு சார்’ என்றுதான் பெயர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, பயந்தவர். ஓடிக்கொண்டிருப்பதைத் தொட்டுக் கெட்டுப்போனால் திட்டு விழும், தொடாமல் கெட்டுப்போனால் விதி என்று சொல்லிவிடலாம். சர்வர் அறை ஏசி கிழட்டு மாடு மாதிரி முக்குவதைக்கூட அவர் நாளைக்குத்தான் பார்ப்பார்.

“சார், ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை கரன்ட்டைப் புடுங்கிப் பார்த்தே ஆகணும்” என்றாள் அக்கா.

“அட, நல்லாத்தானேம்மா ஓடுது? நாளைக்குப் பேசலாம்.”

“நாளைக்கும் இதே நாற்காலியில வந்து உக்காருவேன் சார்.”

சொன்னபடி உட்கார்ந்தாள். மறுநாளும், அதற்கு மறுநாளும். அவர் டீ குடிக்கப் போனால் அவளும் போனாள். கடைசியில், வெளி நோயாளிகள் வராத ஒரு விடுமுறைப் பகலுக்குச் சம்மதம் வாங்கினாள். எல்லா வார்டுக்கும் முன்கூட்டியே சொல்லி, காகிதமும் பேனாவும் எடுத்து வைக்கச் செய்தாள். கம்பி இழுப்பது முதல் சுவிட்ச் மாட்டுவது வரை எல்லாம் பார்க்கும் கேபிள் அண்ணன் பக்கத்தில் நிற்க, பழைய கட்டடத்து சர்வரின் மின்சாரக் கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

புதுக் கட்டடத்து சர்வர் எழுந்து வேலையை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாங்கவில்லை. வார்டு வார்டாகத் திரைகள் உறைந்தன. அக்கா காத்தாள், இன்னும் கொஞ்சம் காத்தாள். அவசரப் பிரிவு நர்ஸிடமிருந்து போன் வந்தது, விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டு வந்திருக்கிறார்களாம். கம்பியைத் திரும்பச் செருகினாள். சர்வர் ஆடி அசைந்து எழுந்திருப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதுவரை அந்த அவசரப் பிரிவு நர்ஸிடம் அவள் சொன்னது என்ன தெரியுமா? “கொஞ்சம் இருங்க, சிஸ்டம் வேலை செய்யல.” எந்த வாக்கியத்தைச் சாகும்வரை சொல்ல மாட்டேன் என்றாளோ, அதே வாக்கியம்.

“நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்” என்று நாளைக்கு சார் குதித்தார். “இனிமே இதைத் தொடவே கூடாது. உன் ஆபரேஷனைத் தள்ளிப்போடு. இல்லைன்னா தைரியமாப் போய்ப் படு. சோதனை கீதனைன்னு என்கிட்ட வராதே!”

தள்ளிப்போடுவதாம்! தம்பியின் கையைப் பார்த்தவள் அவள். இன்னொருத்தி என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டாவது சர்வர் எழுதி வைத்திருந்த பதிவை ஒரு வரி விடாமல் படித்தாள். சர்வர் ஏதோ தூங்கிவிட்டது என்று நினைத்தால், அது விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ‘எனக்கு ஒரு ஓட்டுத்தான் இருக்கிறது, அதனால் சும்மா இருக்கிறேன்’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. ஒன்றா? மூன்றாவது பெட்டியின் ஓட்டு எங்கே போயிற்று? அதன் கம்பியை யாரும் இழுக்கவில்லையே? அவள் மேசைத் திரையில் மூன்று பச்சை விளக்கும் எப்போதும் போல எரிந்துகொண்டிருந்தன.

எழுந்து ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்கு நடந்தாள். ஓட்டுப் பெட்டி அங்கேதான் ஓர் அலமாரித் தட்டில் இருக்க வேண்டும். இரண்டு கட்டடத்துக்கும் சேராத மூன்றாவது இடம் என்று அவளே தேர்ந்தெடுத்த இடம் அது. தட்டில் பெட்டி இல்லை. வெந்நீர் கெட்டில் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

கேபிள் அண்ணனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். மனிதர் கெட்டிலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

“இந்தக் கடைக்காரங்க டீக்கு வெந்நி வைக்கும்போதெல்லாம் பெட்டியைப் புடுங்கிட்டு கெட்டிலைச் சொருகிடறாங்கம்மா. உனக்கு எச்சரிக்கை வந்துட்டே இருக்கும், நீ ராவும் பகலும் ஓடி வருவே. பாவமா இருந்துச்சு. அதான் அந்தப் பெட்டியில இருந்ததை அப்படியே எடுத்து, பழைய கட்டட சர்வருக்குள்ளயே தனியா ஒரு எடம் ஒதுக்கி ஓட விட்டுட்டேன். அதே பேரு, அதே நம்பரு. அதுக்கப்புறம் ஒரு எச்சரிக்கை வந்துச்சா, சொல்லு?”

அக்கா வெடித்தாள். “அண்ணே! டிரைவர் மடியில ஓட்டுப் போடற நடுவரை உக்கார வச்சிருக்கீங்களே! டிரைவர் விழுந்தா நடுவரும் சேர்ந்துல்ல விழுவாரு! ரெண்டு ஓட்டும் ஒரே அடியில போச்சு!”

கேபிள் அண்ணனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. முகம் சுண்டிப்போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “உன் நல்லதுக்குன்னு நெனச்சுத்தாம்மா பண்ணேன்.”

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? உண்மையிலேயே நல்லதுக்குத்தான் செய்திருந்தார். “சரி, எந்திரிங்க அண்ணே. யாருமே பிளக்கைப் புடுங்கத் துணியாத எடம் இந்த ஆஸ்பத்திரியில எது?” என்று கேட்டாள். இரண்டு பேர் வாயிலும் ஒரே பதில் வந்தது: ஆபரேஷன் தியேட்டர்.

தியேட்டர் தனிக் கட்டடம். அதை ஆள்வது தலைமை நர்ஸ். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தால் பெரிய சர்ஜன்களே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அங்கே சிவப்பு நிற பிளக் பாயின்ட்டுகளில், ஊரே இருண்டாலும், மின்சாரம் நிற்கவே நிற்காது. கேபிள் அண்ணன் கழற்றிப் போட்டிருந்த பழைய ஓட்டுப் பெட்டியை அக்கா துடைத்துத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய் நின்றாள். தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்து முழுக் கதையும் கேட்டாள்.

“வைக்கிறேன்” என்றாள். “ஆனா வேலை செய்யாத சாமானை என் தியேட்டர்ல வைக்க மாட்டேன். சோதிச்சுக் காட்டணும்.”

“சார் விட மாட்டேங்கறாரு.”

“யாரு, அந்த நாளைக்கா? போனைக் குடு.”

என்ன பேசினாள் என்பது அக்காவுக்கு முழுதும் கேட்கவில்லை. “நாளைக்கு இல்ல, வியாழக்கிழமை” என்று முடித்தது மட்டும் கேட்டது.

இந்த முறை அக்கா ஒரு காரியம் செய்தாள். சோதனை சர்வருக்கு மட்டும் என்றால் பாதிச் சோதனைதான், தான் இல்லாமலும் எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி மனைவி இதைக் கேட்டால் மயங்கி விழுந்திருப்பாள்: அக்கா தன் போனை அணைத்துத் தலைமை நர்ஸின் கையில் கொடுத்தாள். கம்பியை இழுப்பது கேபிள் அண்ணன், பக்கத்தில் நின்று பார்ப்பது நாளைக்கு சார். எந்த நேரத்தில் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், எனக்குச் சொல்லவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேன்டீனில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கை தானாகப் பைக்குள் போகும், போன் இல்லாமல் வெறுங்கையாக வெளியே வரும். பணம் வாங்கும் பையனின் திரை உறைகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். தெரிந்த முகம் ஓடினால் இவள் நெஞ்சும் கூடவே ஓடும். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கடைசியில் தலைமை நர்ஸ் சாவகாசமாக வந்து, எதிரில் உட்கார்ந்து, தனக்கொரு டீ சொன்னாள்.

“எப்பம்மா பண்ணப் போறாங்க?” என்றாள் அக்கா பொறுக்க முடியாமல்.

“பண்ணி முடிச்சு எவ்வளவோ நேரமாச்சு. திருப்பி மாத்தியும் ஆச்சு. தியேட்டர்ல ரெண்டு கேஸ் ஓடிட்டிருக்கு. ஒருத்தரும் தலையைத் தூக்கிப் பார்க்கல” என்று சொல்லி, தலைமை நர்ஸ் டீயை ஊதிக் குடித்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில், தள்ளுவண்டியில் ஏறுவதற்கு முன்னால் அக்கா தன் போனைத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். “மணி அடிச்சா நீ எடுத்துப் பேசாதே. கேபிள் அண்ணன்கிட்ட கொடுத்துடு” என்றாள். “போங்க அண்ணி, இன்னிக்காவது உச்சந்தலையை விட்டுட்டு முகத்தைக் காட்டுங்க” என்றாள் அவள். சொன்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தியேட்டர் நடையில் வண்டி திரும்பும்போது, நர்ஸ் மேசைக்கு மேலே, சிவப்பு பிளக் பாயின்ட்டில் மாட்டிய சின்னப் பெட்டி தெரிந்தது. பச்சை விளக்கு மினுக்கியது. ‘இதைத் தொட்டவர் என்னிடம் வந்து பேசவும்’ என்று தலைமை நர்ஸ் கையால் எழுதி ஒட்டியிருந்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

கண் விழித்தபோது விலாவில் கொள்ளிக்கட்டையை வைத்தது போல வலி. பேசத் தெம்பு வந்ததும் கேட்ட முதல் வார்த்தை “தம்பி?”

“நல்லாருக்கார் அண்ணி. அசந்து தூங்கறார்.”

இரண்டாவது வார்த்தை “போன்?”

தம்பி மனைவி திரையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு அழைப்புகூட இல்லை. அக்கா உற்றுப் பார்த்தாள். நாள் முழுக்க ஒருத்தர்கூடவா? உண்மையைச் சொன்னால், அவளுக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் தூக்கத்தைத் தொலைத்தது இதற்குத்தானா என்று தோன்றியது. அப்போது நாளைக்கு சாரும் கேபிள் அண்ணனும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். கேபிள் அண்ணனால் வாயை அடக்க முடியவில்லை.

“நீ உள்ளே போன கொஞ்ச நேரத்துல பழைய கட்டட ஏசி மண்டையைப் போட்டுடுச்சும்மா. ரூம் அடுப்பாக் கொதிக்குது. எந்த நிமிஷம் சர்வர் சாகுமோன்னு எனக்கு நடுக்கம். சாயங்காலம்வரை தாங்குமா பார்க்கலாமான்னு கேட்டேன். சார் என்ன சொன்னாரு தெரியுமா?”

நாளைக்கு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்துவிட்டது.

“‘இப்பவே மாத்து’ன்னாரு. புது சர்வருக்கு மாத்திட்டு, பழசை அவரே கையால அணைச்சாரு. உன் தம்பிக்கு ரத்தம் ஏத்தின நேரம் அது. தியேட்டர்ல ஒருத்தருக்கும் தெரியாது.”

“உன்னைக் கேட்டிருக்கலாம்னுதான் முதல்ல போனை எடுத்தேன்” என்றார் சார், ஜன்னலிடம் பேசுவது போல. “அப்புறம்தான் நீ எங்க இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது, ஐயோ என்று முனகினாள், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வலிக்கா, நிம்மதிக்கா என்று அவளிடம் கேட்டால் இரண்டுக்கும்தான் என்பாள். சுருக்கென்றிருந்தது எல்லாம் போன இடம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பழக்கதோஷம், சாரும் கேபிள் அண்ணனும் விறைத்து நின்றார்கள். தம்பி மனைவி எண்ணைப் பார்த்துவிட்டு அக்காவின் காதில் வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையிலிருந்துதான் அழைப்பு. மயக்கம் முழுதும் தெளியாத, வறண்டுபோன குரல்.

“அக்கா, உன் ஸ்பேர் சும்மா சொல்லக் கூடாது. எத்தனை மாசமா ஒரு சொட்டு மூத்திரம் இல்ல... இப்ப நர்ஸம்மா ரெண்டாவது தடவையா பையை மாத்தறாங்க.”